தெருவைக் கடக்கும் பெண்

எங்கள் மாடியில் குடியிருக்கும் அமெரிக்கருக்கு ஒரு பெண் தெருவைக் கடப்பதைப் பார்க்க வேண்டும். சில விநாடிகளே வரும் காட்சி அது. அவர் இளைஞராக இருந்தபோது டிவிக்காக இயக்கிய கௌபாய் தொடரின் ஏதோ ஒரு பகுதியில் வருகிறது. அந்தப் பெண் அவருடைய மனைவி. மனைவி இப்போது இல்லை. அவருடைய பார்வையும் போய்க்கொண்டிருக்கிறது. முழுதாகப் போவதற்குள் அந்தக் காட்சியைத் தேடிக் கொடுக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். முடியும் என்று சொன்னேன். கம்ப்யூட்டர் படித்தவளிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது அந்தச் சொல்தான்.

வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது. கீழே அப்பா, அம்மா, நான். அப்பாவுக்கு வேங்கிக்காலில் அரசு வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார், அதனால் இந்த விஷயத்தில் அவருக்குப் பங்கில்லை. மாடியில் ஓர் அறை, சின்ன சமையல் மேடை, பாத்ரூம், வெளியே தகர ஷீட் போட்ட இடம். எங்கள் பகுதியில் மாடி எடுக்கிற எல்லோருமே வெளிநாட்டுக்காரர்களை நினைத்துத்தான் கட்டுகிறார்கள். அவர்கள் குளிர் காலத்தில் வருவார்கள், வெயில் ஏறியதும் போய்விடுவார்கள். இவர் மட்டும் விசாவுக்காகப் போய்ப் போய்த் திரும்பி வந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

நான் சாப்ட்வேர் டெஸ்டர். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே என்ன கோளாறு என்று கண்டுபிடித்து, வரிசை போட்டு எழுதி அனுப்புவது என் வேலை. சரிசெய்வது வேறு ஆட்கள். சில சமயம் யாருமே சரிசெய்வதில்லை. நான் எழுதியது மட்டும் இருக்கும்.

அம்மா கீழ்பென்னாத்தூர் பக்கம். ஆங்கிலம் தெரியாது. மாடியில் இருப்பவருக்குத் தெரிந்த தமிழ் 'போதும்', 'காரம் கம்மி', 'நாளைக்கு' ஆகிய மூன்றுதான். இதை வைத்துக்கொண்டே இரண்டு பேரும் வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"இன்னா சார், ரெண்டு இட்லி போதுமா? காத்தடிச்சா பறந்துடுவீங்க."

"போதும்."

"போதும்னு சொல்றத மட்டும் நல்லா கத்துக்கினாரு."

அவர் என்ன வேலை பார்த்தார் என்று தெருவில் யாராவது கேட்டால், "குதிரப் படம் எடுத்தவரு" என்பாள் அம்மா. ஒருமுறை அவர் முன்னாலேயே, "இவ்ளோ குதிரப் படம் எடுத்தாரே, ஒரு தபா ஏறி ஒக்காந்திருப்பாரா கேளு" என்றாள். கேட்டேன். ஒரே ஒரு முறை ஏறியதாகவும் உடனே விழுந்ததாகவும் சொன்னார்.

அவர் வேலையைப் பற்றி நான் சாயங்காலக் காபி நேரங்களில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அவர் பேசுவது ஆங்கிலம். இங்கே எழுதுவது என் காதில் அது தமிழாக விழுந்த விதம். முதல் வேலை, அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று நான் வரிசையாகக் கேட்பேன். அவருக்கு வரிசையாகச் சொல்ல வராது. கடைசிக் காட்சியை முதல் நாளே எடுத்துப் பழகிய ஆள். இடம் வாரியாகத்தான் அவருக்கு ஞாபகம் வரும். மதுக்கடையில் நடந்ததெல்லாம் ஒரு நாள் சொல்வார், மலையடிவாரத்தில் நடந்ததெல்லாம் இன்னொரு நாள்.

நான் சேர்த்துப் பார்த்தவரை இப்படி: முதலில் உதவியாளர்களில் கடைசி ஆளாகச் சேர்ந்தார். தெருவில் பின்னணியில் நடப்பவர்களை அனுப்புவது அந்த வேலை. பீப்பாய்க்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு, கேமரா ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொருவர் முதுகிலும் தட்டி விடுவார். தட்டப்பட்டவர் தெருவைக் கடப்பார். சில வருடங்களில் இயக்குநர் ஆனார். வாரத்துக்கு ஒரு பகுதி முடிந்தாக வேண்டும். காலையில் மலை பக்கம் பார்த்து எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்துவிட்டு, வெயில் திரும்பியதும் கேமராவையும் திருப்பிவிடுவார்கள். ஒரே தெருதான் எல்லா ஊருக்கும். வங்கி என்ற பலகையைக் கழற்றிவிட்டு மருந்துக்கடை என்று மாட்டினால் வேறு ஊர்.

அந்த ஊர்களில் பெண்களும் மிகச் சிலர்தான். அவர் கண்டுபிடித்த உத்தி ஒன்று உண்டு. பின்னணியில் நடக்கும் பெண்கள் முகத்தை மறைக்கும் துணித்தொப்பி போட்டு, தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்க வேண்டும். முகம் தெரியாவிட்டால் அதே பெண்ணைச் சால்வை மாற்றி மறுபடி அனுப்பலாம். முதலில் கூடையோடு, அப்புறம் குடையோடு, அப்புறம் யார் குழந்தையையாவது கையில் பிடித்துக்கொண்டு. பார்ப்பவர்களுக்கு ஊரே நடமாடுவது போல இருக்கும். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் பெருமை வரும்.

"நீங்க எடுத்ததெல்லாம் நல்ல படமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நேரத்துக்கு முடிஞ்ச படம்" என்றார்.

பிறகு கௌபாய் தொடர்களை யாரும் எடுப்பதில்லை என்று ஆகிவிட்டது. போலீஸ் தொடர்களுக்குப் போனார். "குதிரையிலிருந்து இறங்கி காரில் ஏறினோம். துரத்தறது அதேதான்." அப்புறம் ஆஸ்பத்திரித் தொடர்கள். கடைசியில் சோப்புத்தூள் விளம்பரம்.

அவர் மனைவி ஸ்கூல் டீச்சர். ஒரு விடுமுறை நாளில் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு படப்பிடிப்பு இடத்துக்குப் போயிருக்கிறார். அன்றைக்குப் பின்னணிப் பெண்களில் ஒருத்தி வரவில்லை. இவர் மனைவிக்கு ஒரு சால்வையும் தொப்பியும் போட்டு, கூடையைக் கொடுத்து, நடக்கவிட்டார். அந்த ஒரு நாள்தான். நாள் முழுக்கக் கேமராவோடு இருந்தவர் வீட்டில் அதைத் தொட்டதே இல்லை. மனைவியின் போட்டோக்கள் இருக்கின்றன, அவர் மேஜை மேல் இரண்டைப் பார்த்திருக்கிறேன். அசைகிற படம் ஒன்றுகூட இல்லை. கடைசி வருடங்களில் அந்த அம்மா படுத்த படுக்கை. "படுத்திருந்ததுதான் ஞாபகம் இருக்கு. நடந்தது வரமாட்டேங்குது" என்றார்.

வேலூருக்குக் கண் டாக்டரிடம் நான்தான் கூடப் போனேன். நேராகப் பார்க்கும் பார்வை போய்விடும், ஓரப் பார்வை நிற்கும் என்று டாக்டர் சொன்னார். ஊசி போட்டால் வேகம் குறையலாம், போனது திரும்பாது. எவ்வளவு நாள் என்று இவர் கேட்டார். சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தோம். வேகம் குறைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்ப ஆரம்பித்தார்.

"இன்னாத்துக்குடி மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினு பேசறாரு? எம்மேல கோவமா?" என்று அம்மா கேட்டாள்.

"அப்படித் திருப்பினாத்தான்மா உன்ன தெரியும்."

அன்று முதல் அம்மா தட்டை அவருக்கு நேர் எதிரில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

தேடுவது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. அவருக்கு அந்தப் பகுதியின் பெயர் நினைவில்லை. கிணற்றுத் தகராறு, வெளியூரிலிருந்து வரும் டாக்டர், இவ்வளவுதான் சொன்னார். தொடர் பிரபலமானதும் அல்ல. பழைய ரசிகர் ஒருவர் எழுதி வைத்திருந்த கதைச் சுருக்கங்களை எல்லாம் படித்து, கிணறு வரும் பகுதிகளை மட்டும் பிரித்து, அதில் டாக்டர் வருவதைத் தேடினேன். யாரோ டிவியிலிருந்து டேப்பில் பதிவு செய்து இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். படம் மங்கல். ஓரத்தில் கோடு ஓடியது. ஆனால் அவருடைய பெயர் வந்தது. நான் படித்துச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் டிவியை மாடிக்குத் தூக்கிப் போய் லேப்டாப்பில் இணைத்தேன். அவர் நாற்காலியை டிவிக்குப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அம்மா முருங்கைக்கீரையும் முறமுமாக வந்து தரையில் உட்கார்ந்தாள். படம் ஓடியது. அவர் பாதி காதால்தான் பார்த்தார்.

"இப்போ கொல்லன் சுத்தியல் சத்தம் கேக்கும். நாலு அடி அடிச்சதும் அவ வருவா."

சுத்தியல் சத்தம் கேட்டது. இரண்டு அடி. உடனே மதுக்கடைக் கதவு திறந்து கதாநாயகன் உள்ளே வந்துவிட்டான்.

அவர் கையைத் தூக்கினார். நான் நிறுத்தினேன். பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டேன். இரண்டு அடி, கதவு.

"வெட்டிட்டாங்க" என்றார்.

பல வருடம் கழித்து மறுஒளிபரப்பு செய்யும்போது விளம்பரத்துக்கு அதிக நேரம் வேண்டும் என்று ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்சம் வெட்டுவார்களாம். கதை கெடாமல் எதை எடுக்க முடியுமோ அதைத்தான் முதலில் எடுப்பார்கள். ஒரு பெண் தெருவைக் கடந்தால் என்ன, கடக்காவிட்டால் என்ன? "நானா இருந்தாலும் அதைத்தான் வெட்டியிருப்பேன்" என்றார் அவர்.

"இன்னாச்சு? வரலியா அந்தம்மா?" என்றாள் அம்மா.

வெட்டாத பிரதி எங்கே இருக்கும் என்று தேடினேன். அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கி, அதை வேறொன்று வாங்கியிருந்தது. மூன்று இடங்களுக்கு எழுதினேன். ஓரிடத்திலிருந்து மட்டும், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று இயந்திரம் அனுப்பிய பதில் வந்தது.

சில நாள் கழித்து அவராகவே இன்னொரு வழி சொன்னார். தெருக் காட்சிகளைத் தனியாகச் சேர்த்து வைத்திருப்பார்களாம். ஏதாவது ஒரு பகுதியில் நேரம் போதவில்லை என்றால் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டிவிடுவார்கள். அவர் மனைவி நடந்த துண்டு வேறு ஏதாவது பகுதியில் ஒட்டப்பட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து கிடைத்த பகுதிகளை எல்லாம் பார்க்க ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டு வேளையில், வேலைக்கு நடுவில் காத்திருக்கும் நேரத்தில். துப்பாக்கிச் சண்டைகளைத் தாண்டிவிட்டு, தெரு வரும் இடத்தில் மட்டும் நிறுத்தினேன். கூடையோடு நிறையப் பெண்கள் கடந்தார்கள். எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். எல்லோர் முகத்தையும் தொப்பி மறைத்திருந்தது. அவர் போட்ட உத்தி அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது.

"சால்வை என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"தெரியல."

"உயரம்?"

"என் தோளுக்குக் கொஞ்சம் மேல." அருகில் நிற்க அவர் தோள் அந்தப் படத்தில் இல்லை.

"சரி, எப்படி நடப்பாங்க?"

அதைச் சொல்லத்தான் அவருக்கு ஆசை. ஆனால் வரவில்லை. "வேகமா..." என்றார். "இல்ல, வேகம் இல்ல. அவசரம் இல்லாத வேகம்." பிறகு அதையும் மறுத்தார். எப்படி நடக்க வேண்டும் என்று ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தே பிழைத்தவர், கடைசியில் எழுந்து தகர ஷீட்டுக்குக் கீழே தானே நடந்து காட்டினார். ஒரு கையில் இல்லாத கூடை, இன்னொரு கையில் இல்லாத பாவாடையின் நுனி. கண் தெரியாததால் சுவர் எங்கே வரும் என்று தடவிக்கொண்டே நடந்தார். அதனால் அது அவர் மனைவியின் நடையாகவும் இல்லை, அவருடைய நடையாகவும் இல்லை.

துணி காயப்போட வந்த அம்மா படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ சார்! கொலுசு ஒண்ணுதான் கொறச்சல்!"

நான் மொழிபெயர்த்தேன். அவர் சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "இது இல்ல" என்றார்.

ஐந்து துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்தேன். கூடை இருக்கிறது, உடல்வாகைப் பார்த்தால் வயது பொருந்துகிறது, மற்ற பகுதிகளில் அடிக்கடி வரும் பெண்களின் நடை இல்லை. மூன்றையும் வைத்து வடிகட்டியதில் மிஞ்சியவை. அவற்றைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. மெதுவாக ஓட்டினால் நடையே போய்விட்டது. மங்கலான படத்தைத் தெளிவாக்கும் புது மென்பொருள் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். தொப்பியின் நிழலுக்குள் அது ஒரு முகத்தை வரைந்து கொடுத்தது. கண், மூக்கு, மெல்லிய உதடு, எல்லாம் துல்லியமாக. உலகத்தில் யாருடையதும் அல்லாத முகம். மறுபடி போட்டால் வேறு முகம் வந்தது. இரண்டையும் அழித்தேன்.

இதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. அவர் முன்னால் இருக்கும் டம்ளரையே கையால் தடவித் தேட ஆரம்பித்திருந்தார். எனக்குக் கண் இருந்தது, அந்த அம்மாவைத் தெரியாது. அவருக்கு அந்த அம்மாவைத் தெரியும், கண் இல்லை. நடுவில் கேபிள் மாட்டுவதைத் தவிர வேறு வேலை எனக்கு இல்லை.

சமையலறையில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதோ ஒண்ணக் காமிச்சி, இவங்கதான்னு சொல்லிட்டு வாயேன்டி. எந்தக் கோர்ட்டுல கேக்கப் போறாங்க?"

"தெரியாதத எப்படிம்மா சொல்றது?"

"உன் ஆபீசுல தெரியலன்னா இன்னா பண்ணுவ?"

"தெரியலன்னுதான் எழுதுவேன்."

"அதான் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட சமைக்கத் தெரியாதுன்னு சொல்லி அனுப்புன. வாய்க்கு ஒரு பொய் வருதா பாரு."

"உண்மையிலயே தெரியாதும்மா."

"தெரியாதது எல்லாத்தையும் சொல்லினு இருந்தா குடும்பம் நடக்குமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. சந்தெல்லாம் வெளியூர் கார்கள். ரோட்டில் கிரிவலக் கூட்டத்தின் இரைச்சல். அம்மா இந்த முறையும் முறத்தோடு மாடிக்கு வந்து உட்கார்ந்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டு ஐந்து துண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஏதோ அசையுது" என்றார் முதலாவதற்கு. இரண்டாவதற்கும் அதையே சொன்னார். மூன்றாவதற்கு நாற்காலியை இன்னும் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

நான்காவது ஓடும்போது அம்மா திடீரென்று விரலை நீட்டினாள். "இவங்கதான் சார். இதான் உங்க வூட்டம்மா."

படத்தை நிறுத்தினேன்.

அவர் அம்மா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, பிறகு என் பக்கம் திருப்பினார். "அம்மா என்ன சொல்றாங்க?"

அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் போதும். பொய் சொன்னது நானாக இருக்காது. மொழிபெயர்ப்புதான். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அவங்களா இருக்கலாம்னு அம்மா நினைக்கறாங்க" என்றேன்.

"ஏன்னு கேளு."

கேட்டேன். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கூடையப் பாரு. கை இழுக்குது. உள்ள கனமா இன்னாமோ இருக்குது. வூட்டுக்காரருக்கு சோறு எடுத்தாந்தவங்கதானே? வேற யாரு கூடையில சோறு இருக்கும்?"

அவருக்குச் சொன்னேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "சாப்பாட்டை என் காருல வெச்சிட்டுத்தான் வந்தா. கூடை எங்களோடது. எல்லாக் கூடையிலயும் கல்லு போடச் சொல்வேன். வெறுங்கூடைன்னா நடக்கும்போது காத்தாடி மாதிரி ஆடும்."

"கல்லா!" என்றாள் அம்மா. "அடப்பாவி மனுஷா, கட்னவளயே கல்லு தூக்கவுட்டாரா?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்த மாதிரி இருந்தது. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எந்தக் காட்சிய நீ காட்டினாலும் எனக்கு அடையாளம் தெரியாது. அன்னைக்கு நான் அவளைப் பார்க்கவே இல்ல. ஹீரோ குதிரையிலிருந்து சரியா இறங்கறானான்னு பாத்துட்டிருந்தேன். பின்னாடி நடக்கறவங்களப் பாக்கறது உதவியாளன் வேலை. முடிஞ்சதும் ஓடி வந்து, எப்படி நடந்தேன்னு கேட்டா. நல்லா இருந்துதுன்னு சொன்னேன்."

அம்மாவுக்கு அது தமிழில் வேண்டும். சொன்னேன். அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நல்லா இருந்தது என்று அவர் அன்றைக்குச் சொன்னது போல, இவங்கதான் என்று நானும் இன்றைக்குச் சொல்லலாம். அது அவருக்கு நன்றாகவே தெரியும். அதனாலோ என்னவோ, அவர் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

"கடந்துட்டாளா?" என்றார்.

"இல்ல. நான் நிறுத்தி வெச்சிருக்கேன். நடுத்தெருவுல நிக்கறாங்க."

"விடு. போகட்டும்."

விட்டேன். அந்தப் பெண் நடந்தாள். திரையின் வலது ஓரத்தைத் தாண்டிப் போனாள்.

"எப்படி நடந்தா?"

இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. இந்தத் துண்டை அவ்வளவு முறை பார்த்திருக்கிறேன்.

"வேகமாவும் இல்ல, மெதுவாவும் இல்ல" என்றேன். "குனிஞ்சுதான் நடந்தாங்க. பாதியில ஒரு இடத்துல பாவாடையக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சாங்க. சேறு இருந்திருக்கும். அந்தாண்ட போனதும் விட்டுட்டாங்க. கூடைய ஒரு தடவை கை மாத்தினாங்க."

"அப்புறம்?"

அப்புறம் தெரு காலியாக இருந்தது. கொஞ்சம் புழுதி பறந்தது. அதையும் சொன்னேன்.